தொண்டே தொழிலாக

சேவை நிறுவனங்களில் சில ஆண்டுகள் பழகியவர்களுக்கு ஒரு காட்சி நன்கு அறிமுகமாகியிருக்கும். படிப்பை முடித்த ஓர் இளைஞர் கண்களில் ஒளியோடு வந்து சேர்கிறார். "சம்பளம் வேண்டாம்; உணவும் தங்க இடமும் இருந்தால் போதும்" என்கிறார். முதலாண்டில் இரவு பகல் பாராது உழைக்கிறார், எல்லோரும் புகழ்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் வீட்டிலிருந்து செய்திகள் வரத் தொடங்குகின்றன. தங்கையின் திருமணம், தந்தையின் கண் அறுவை சிகிச்சை, பாதியில் நிற்கும் வீட்டுக் கடன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அவர் மனத்தில் குற்ற உணர்வு தங்கிவிடுகிறது. "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு உறுதி போதாது" என்ற முடிவு நிறுவனத்தாரிடம் தங்கிவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் நியாயம் இல்லை. அவருடைய பக்தி குறைந்துவிடவில்லை. அப்பக்தி நாற்பது ஆண்டுகள் தங்குவதற்கு வேண்டிய ஏற்பாட்டை அவரும் செய்துகொள்ளவில்லை, அவரை ஏற்றவர்களும் செய்யவில்லை. ஓராண்டு தன்னை மறந்து உழைப்பது உணர்ச்சியால் இயலும். வாழ்நாள் முழுவதும் தொண்டாற்றுவதற்கு வாழ்வூதியம், கல்வி, ஓய்வு, துணைவர்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றைப் பேசுவதே தியாகத்துக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம் நாட்டுச் சேவைத் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் இந்நாட்டில் தொண்டை நிலையான வாழ்க்கைமுறையாக அமைத்துக் காட்டிய பெரியோர் அவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் இதை வெளிப்படையாகப் பேசினர். விதியாகவும் எழுதி வைத்தனர்.

கோகலே வகுத்த வழி

கோபால கிருஷ்ண கோகலே 1866-ஆம் ஆண்டு பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். மூத்த சகோதரர் கோவிந்தர் தம் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குச் சென்றார். அவர் பெற்ற மாதச் சம்பளம் பதினைந்து ரூபாய். அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவந்தார். 1884-இல் பட்டம் பெற்ற தம்பி நல்ல பதவியில் அமர்ந்து குடும்பத்தின் வறுமையைத் தீர்ப்பான் என்று அண்ணன் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. தம்பியின் உள்ளமோ பூனாவில் தக்காணக் கல்விச் சங்கத்தார் நடத்திய பள்ளியையும் பெர்குசன் கல்லூரியையும் நாடியது. அங்கே ஆயுள் உறுப்பினராகச் சேர்பவர்கள் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். கோகலே அண்ணனின் இசைவைப் பெற்ற பிறகே அதில் இணைந்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். தொண்டுக்கு வருபவர்கள் குடும்பத்தை உதறிவிட்டு வருவதைப் பெருமையாகக் கூறும் கதைகள் பல உண்டு. கோகலேயின் கதை அவ்வகைப்பட்டதன்று. தமக்காக எட்டு ரூபாய் அனுப்பிய கையை அவர் மறக்கவில்லை. எழுபத்தைந்து ரூபாய் பெருந்தொகையன்று. ஆயினும் அது மாதந்தோறும் தவறாமல் வரும் தொகை. அதை நம்பி ஒரு குடும்பம் திட்டமிட்டு வாழ முடியும். பின்னர் அவர் எழுதிய எண்கணிதப் பாடநூல் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டு, அதன் வருவாயும் அவருக்குத் துணையாயிற்று. நேர்மையான உழைப்பால் வந்த அத்தொகையைப் பெற்றுக்கொண்டதால் அவருடைய தொண்டின் தூய்மை குன்றிவிட்டதாக எவரும் கருதவில்லை.

அதே காலத்தில் மகாதேவ கோவிந்த ரானடேயிடம் அவர் மாணவராகவும் அமர்ந்தார். அரசாங்க அறிக்கைகள், வரவு செலவுக் கணக்குகள், மனுக்கள் என்று ரானடே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் படிக்கச் செய்வார், எழுதிக் காட்டச் சொல்வார், திருத்துவார். புகழ் தராத இந்தப் பயிற்சி ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் நடந்தது. 1902-இல் வைசிராயின் சட்டமன்றத்தில் கோகலே ஆற்றிய முதல் வரவு செலவுத் திட்ட உரை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. உபரி காட்டும் அரசாங்கத்தின் கணக்குக்குப் பின்னால் ஏழையின் மீது சுமத்தப்பட்ட உப்பு வரி இருப்பதை அவர் எண்களைக் கொண்டே எடுத்துரைத்தார். ஏழைகளுக்காக மனம் உருகியவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். அந்த உருக்கத்தை மறுக்க முடியாத கணக்காக மாற்றத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்த அனுபவம் அனைத்தையும் கொண்டு 1905 ஜூன் 12-ஆம் நாள் பூனாவில் அவர் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். சங்கத்தில் சேர்வோர் ஏழு உறுதிமொழிகளை ஏற்க வேண்டும். நாட்டையே முதன்மையாகக் கருதுவது, தனக்கென ஆதாயம் தேடாதிருப்பது, எவரோடும் தனிப்பட்ட பூசலில் ஈடுபடாதிருப்பது என்பவை அவற்றுள் சில. தொண்டை வாழ்க்கையாகக் கொள்ள விரும்புவோர் ஆழ்ந்து கற்க வேண்டியது பொருள் பற்றிய உறுதிமொழியாகும். தனக்கும் தன் குடும்பத்துக்கும் சங்கம் செய்து தரும் ஏற்பாட்டோடு மனநிறைவு கொள்வேன்; பணம் ஈட்டுவதில் என் ஆற்றலைச் செலவிட மாட்டேன் என்பது அதன் கருத்து.

இதை ஊழியரின் கடமையாக மட்டும் படித்துவிட்டுக் கடந்து போவது எளிது. இதற்குள் சங்கத்தின் கடமையும் அடங்கியிருக்கிறது. சங்கம் தரும் ஏற்பாட்டில் அவர் நிறைவு கொள்ள வேண்டுமானால், சங்கம் முதலில் ஏற்பாடு செய்தாக வேண்டும். அதுவும் அவருக்கு மட்டுமன்று, அவர் குடும்பத்துக்கும் சேர்த்து. "குடும்பம்" என்ற சொல்லை ஓர் உறுதிமொழிக்குள் வைத்ததில் அண்ணனிடம் எட்டு ரூபாய் பெற்றுப் படித்த மாணவனின் நினைவு கலந்திருக்கலாம்.

பயிற்சியைப் பற்றியும் சங்கம் தெளிவாக இருந்தது. புதிதாகச் சேர்பவருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி. ஒரு பகுதி பூனாவிலுள்ள சங்க இல்லத்தில் படிப்பிலும், மற்றொரு பகுதி நாட்டைச் சுற்றிப் பார்ப்பதிலும் கழியும். 1907-இல் இதில் சேர்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர்; பெயர் பெற்ற ஆசிரியர். அவரும் பயிற்சி பெற்றே உறுப்பினரானார். இன்று ஒரு வாரப் புத்தொளிப் பயிற்சி கொடுத்து, மறு வாரமே ஒரு மாவட்டத்தின் பொறுப்பை இளைஞரின் தலையில் வைக்கும் நிறுவனங்கள் இதைக் கருத வேண்டும்.

நாற்பத்து நான்கில் ஒரு தொடக்கம்

இச்சங்கத்தில் 1914-இல் சேர்ந்தவர் அம்ருத்லால் விட்டல்தாஸ் தக்கர். பின்னாளில் நாடு அவரைத் தக்கர் பாபா என்று அழைத்தது. 1869-இல் பவநகரில் பிறந்த அவர் பொறியியல் படித்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர் வேலை பார்த்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா ரயில்பாதைப் பணியிலும் இருந்தார். கடைசியாக மும்பை மாநகராட்சியில் பணி. நகரின் குப்பையைச் செம்பூர்ப் பகுதிக்குக் கொண்டு செல்லும் ரயில்பாதையின் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்தக் குப்பையோடு குப்பையாகத் துப்புரவுத் தொழிலாளர் வாழ்ந்த நிலையை அங்கேதான் நாள்தோறும் கண்டார். சேரும்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

இளமை போய்விட்டதே, இனி என்ன தொண்டு செய்ய முடியும் என்று மயங்குவோர் அவருடைய ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். பஞ்ச நிவாரணம், 1922-இல் தாகோத் பகுதியில் பீல் பழங்குடியினருக்காகத் தொடங்கிய பீல் சேவா மண்டல், 1932 முதல் ஹரிஜன சேவக சங்கத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பு, அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிப் பகுதிகள் பற்றிய துணைக்குழுவின் தலைமை என்று 1951-இல் மறையும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் அவர் ஓயவில்லை. பொறியாளராகக் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை. நிலத்தை அளந்து, மதிப்பீடு தயாரித்து, பைசாவுக்குக் கணக்கு எழுதும் பழக்கத்தை அவர் தொண்டுக்குள் கொண்டு வந்தார். அவருடைய சுற்றுப்பயணக் குறிப்புகளும் கணக்குகளும் உடன் பணியாற்றியவர்களுக்கே பாடமாக இருந்தன.

தொண்டுக்கு வர விரும்புகிறவர் தம் தொழிற்கல்வியை வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. கணக்காளர் நல்ல கணக்காளராகவும், செவிலியர் நல்ல செவிலியராகவும் வரட்டும். வெளியுலகில் ஐந்தாண்டோ பத்தாண்டோ ஒரு வேலையைச் செம்மையாகக் கற்று, கடன்களை அடைத்து, பெற்றோரின் முதுமைக்கு ஒரு வழி செய்துவிட்டு வருபவர் தாமதமாக வந்தவராகார்.

எந்த நிறுவனமும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் அறியத்தக்கது. 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளை ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்குமாறு கோகலே அறிவுறுத்தியிருந்தார். தம் சங்கத்தில் அவர் சேர வேண்டும் என்றும் விரும்பினார். கோகலே மறைந்த பின் காந்தியடிகள் சேர விண்ணப்பித்தபோது உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வழிமுறைகளில் இருந்த வேற்றுமை உண்மையானதே. அவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்த விரும்பாமல் அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நட்பு முறியவில்லை. ஒரு நிறுவனம் தனக்கு ஒத்துவரவில்லை என்று உணரும் இளைஞர், தொண்டே தமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை.

உடலும் ஒரு பொறுப்பு

கோகலேயின் வாழ்க்கையில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பிறர் குடும்பங்களுக்கு ஏற்பாடு செய்தவர் தம் உடலுக்கு ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. நீரிழிவு நோயும் ஓயாத உழைப்பும் சேர்ந்து 1915 பிப்ரவரி 19-ஆம் நாள் அவரைக் கொண்டு சென்றன. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயதுதான். அக்காலத்தில் நீரிழிவுக்கு இன்சுலின் மருந்தும் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் இன்னும் இருபது ஆண்டுகள் அவர் இருந்திருந்தால் நாட்டுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியாது.

மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் ஓயாது விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. உடலை வதைக்கும் தவத்தைப் பதினேழாம் அத்தியாயம் அசுரத் தன்மையில் சேர்க்கிறது. இவற்றைத் தியானம் செய்வோருக்கான விதிகளாகவே பலரும் படிக்கின்றனர். இரவு பதினொரு மணிக்கும் அலுவலக விளக்கை அணைக்காத சேவகருக்கும் இவை பொருந்தும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியர் அபய் பங்கும் ராணி பங்கும் 1980-களின் நடுவில் தம் பணியைத் தொடங்கினர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று, அங்கே தங்காமல் இப்பழங்குடிப் பகுதிக்கு வந்தவர்கள். கோண்டு மக்கள் பெரிய மருத்துவமனைக் கட்டடத்தைக் கண்டு அஞ்சியதால், அவர்களுடைய ஊர்க் குடிசைகளைப் போன்றே மருத்துவமனையை அமைத்து, அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அன்னையின் பெயரை அதற்குச் சூட்டினர். எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே பேணும் முறையை உருவாக்கினர். 39 ஊர்களில் பச்சிளங் குழந்தைகளின் இறப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்ததை 1999-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இவ்வளவும் செய்தவரின் இதயம் நாற்பதுகளிலேயே நோயுற்றது. காந்தியச் சூழலில், சேவாகிராமத்தில் வளர்ந்த மருத்துவர் அவர். பிறர் உடல்நலத்தைப் பற்றி நாள் முழுவதும் சிந்தித்தவர். தம் உணவையும் நடையையும் உறக்கத்தையும் மன அழுத்தத்தையும் அவர் நோய்க்குப் பின்னரே ஆராய்ந்தார். அந்த அனுபவத்தை மராத்தியில் நூலாக எழுதினார். அது பரவலாக வாசிக்கப்பட்டது. உடற்பயிற்சி, எளிய உணவு, தியானம் ஆகியவை அதன் பிறகு அவருடைய நாளின் பகுதிகளாயின. 2006-இல் சமூகப் பணியில் பொருள் தேடும் இளைஞர்களுக்காக 'நிர்மாண்' என்ற பயிற்சி அங்கே தொடங்கப்பட்டது.

கேட்க வேண்டிய கேள்விகள்

முழுநேரத் தொண்டில் இறங்க எண்ணுபவர், சேரும் முன் பெற்றோருடன் ஒரு மாலை அமர்ந்து எண்களைப் பேசுவது நலம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை? எத்தனை ஆண்டுகளுக்கு? மணமானவராயின் துணைவரின் சம்மதம் வெறும் தலையசைப்பாக இருத்தல் கூடாது. பின்னர் நிறுவனத்திடம் தயங்காமல் கேட்க வேண்டும்: ஊதியம் என்ன, நோய் வந்தால் யார் பார்ப்பது, வருங்கால வைப்பு நிதி உண்டா, ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு, மேற்கொண்டு படிக்க வழியுண்டா? முதலில் இரண்டாண்டுகளுக்கு என்று ஒப்புக்கொண்டு, அதன் முடிவில் இரு தரப்பாரும் அமர்ந்து பரிசீலிப்பது, வாழ்நாள் வாக்குறுதியை முதல் நாளே உணர்ச்சியில் கொடுப்பதைவிட நேர்மையானது. இக்கேள்விகளைக் கேட்டவரை "பற்று விடாதவர்" என்று ஒதுக்கும் நிறுவனத்தில் சேராதிருப்பதே நல்லது.

ஊதியம் வாங்காதிருத்தல் சில வேளைகளில் ஒரு நுண்ணிய அகந்தையைக் கொண்டு வரும் என்பதையும் கூறியாக வேண்டும். "நான் இலவசமாகச் செய்கிறேன்" என்பவரை யாரும் திருத்த முடிவதில்லை. காலந்தாழ்த்தி வந்தாலும், கணக்கைத் தராவிட்டாலும் சொல்லத் தயங்குவர். வசதியுள்ளவரும் ஓய்வூதியம் பெறுபவரும் ஊதியமின்றிப் பணியாற்றுவது போற்றத்தக்கதே. அவரும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது மறக்கப்படலாகாது.

ஆனந்தில் மூவர்

ஊதியத்தையே பணிவின் அடையாளமாக்கிக் காட்டியவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னையில் லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பியதால், அரசு அனுப்பும் இடத்தில் பணிபுரிந்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம் அவரைக் கட்டியது. அப்படித்தான் 1949 மே மாதம் குஜராத்தின் ஆனந்த் என்ற சிற்றூருக்கு வந்தார். அவருக்கு அவ்வூர் சற்றும் பிடிக்கவில்லை. எப்போது விடுதலை கிடைக்கும் என்று காத்திருந்தார். விடுதலையும் கிடைத்தது. புறப்படும் வேளையில், கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல், சங்கத்தின் பழைய இயந்திரங்களைச் சீராக்கும் வரை இருந்து உதவுமாறு கேட்டுக்கொண்டார். சில நாள் என்று தங்கியவர் வாழ்நாள் முழுவதும் ஆனந்திலேயே இருந்துவிட்டார்.

ஒரு லட்சியத்தைத் தேடி அவர் புறப்பட்டு வரவில்லை. செய்துகொண்டிருந்த வேலைக்குள்ளிருந்தே லட்சியம் எழுந்து அவரைப் பற்றிக்கொண்டது. தம்மை எப்போதும் உழவர்களின் ஊழியர் என்றே கூறிக்கொண்டார். அவர்கள் தரும் சம்பளத்தைப் பெறுவதில் அவருக்குக் கூச்சமில்லை. அதனாலேயே அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதினார்.

தனியொருவராகவும் அவர் நிற்கவில்லை. உழவர்களின் நம்பிக்கை முழுவதும் திரிபுவன்தாஸிடம் இருந்தது. நிர்வாகத் திறன் குரியனிடம். அமெரிக்காவில் உடன் பயின்ற நண்பர் எச். எம். தலாயாவிடம் தொழில்நுட்ப அறிவு. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர் கூறிக்கொண்டிருந்தபோது தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-இல் அதற்கான ஆலையை நேரு திறந்து வைத்தார். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு இதுவே அடித்தளம். இம்மூவரில் எவர் தனித்து முயன்றிருந்தாலும் சில ஆண்டுகளில் களைத்திருப்பார் என்று கருத இடமுண்டு.

விலகுவதும் தொண்டின் ஒரு பகுதியே. மிகக் கடினமான பகுதியும் அதுவே. குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பின் தலைமையை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வகித்த குரியன், உறுப்புச் சங்கங்களின் எதிர்ப்புக்கிடையே 2006-இல் பதவி விலக நேர்ந்தது. அவ்வளவு பெரிய பணியைச் செய்தவருக்கு விடைபெறும் நேரம் இனிமையாக அமையவில்லை. திரிபுவன்தாஸ் விலகிய விதம் வேறு. தாம் தோற்றுவித்த கெய்ரா சங்கத்தின் தலைமையை 1970-களின் தொடக்கத்தில் அவர் தாமாகவே விட்டுக்கொடுத்தார். பால் ஊற்றும் குடும்பங்கள் சிறுகச் சிறுகத் திரட்டி அவருக்கு ஒரு பணமுடிப்பை அளித்தன. அதை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு ஓர் அறக்கட்டளை எழுந்தது. பால் சங்கம் இருந்த ஊர்களில் அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்து, கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் பேணும் பணியை அந்த அறக்கட்டளை மேற்கொண்டது.